விற்ற பொருட்கள் மீளப்பெறப்பட மாட்டாது

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய வயதில் மட்டக்களப்புக் கடைகளில் நான் படித்துப் பழகிய வசனம் இது: "விற்ற பொருட்கள் எக்காரணம் கொண்டும் மீளப்பெறப்பட மாட்டாது." பக்கத்திலேயே இன்னொரு பலகை: "இன்று ரொக்கம், நாளை கடன்." காசு கொடுத்து எழுதுவித்து மாட்டிய முதலாளியே இரண்டையும் மதித்ததில்லை. கடன் கொப்பி லாச்சிக்குள் இருக்கும். ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்த சாமான்கள் லாச்சிக்குக் கீழே ஒரு காட்போட் பெட்டிக்குள் கிடக்கும். பலகை முன்பின் தெரியாதவர்களுக்கு. ஊராருக்கு வாய்ப்பேச்சு.

இப்போது பிள்ளைகள் விளையாட்டு வாங்கும் கடைகளில் அப்படியொரு பலகை இல்லை. திருப்பித் தருவோம் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் பக்கம் பக்கமாக. எழுதியபடி ஒரு நிமிடம் பிசகாமல் நடக்கவும் செய்கிறார்கள். ஊர்க்கடையில் வளர்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் 'ரீவி கேம்' வந்தது. நின்ரெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபமிகொம் பெட்டியைப் பார்த்து யாரோ எங்கோ செய்த நகல். அதில் செருகும் மஞ்சள் கசெட்டின் மேல் "9999 இன் 1" என்று அச்சடித்திருப்பார்கள். முதல் பத்துப் பதினைந்து விளையாட்டும் மெய். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதே விளையாட்டுத்தான், நடுவில் இருந்து தொடங்கும். அதே மரியோ, வேறு நிறச் சட்டையில். ஒன்பதாயிரத்துச் சொச்சத்தையும் எண்ணிப் பார்த்து முறைப்பாடு செய்தவர் எவரும் இல்லை. விற்றவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும். அந்த அளவுப் பொய்க்கு இரு தரப்பும் ஏற்கெனவே சம்மதம்.

எங்கள் கசெட்டின் குறை வேறு. இரண்டாம் கட்டத்தில் படம் அப்படியே உறைந்து நிற்கும். வாங்கியது காத்தான்குடி மெயின் வீதிக் கடையொன்றில். அப்பா கச்சேரியில் கிளாக். சனிக்கிழமை காலை என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கோட்டைமுனையிலிருந்து புறப்பட்டார். கல்லடியில் அப்போது 1924இல் திறந்த லேடி மெனிங் பாலம் மட்டும்தான். ஒரு பக்கத்து வாகனங்கள் போய் முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். சென்ரியில் சொப்பிங் பேக்கைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கசெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமிக்காரப் பெடியன், "மொக்கத?" என்று சிங்களத்தில் கேட்டான். நான் விளக்கத் தொடங்கும் முன்னரே அவனுக்கு விளங்கிவிட்டது. "ஆ, டீவி கேம்!" என்று சிரித்தான். அந்தப் பாலத்தில் அவர்கள் சிரித்து நான் கண்டது குறைவு.

கடைக்குப் போய்ச் சேர்ந்தால் கரண்ட் இல்லை. 1996. வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு முழுக்க மின்வெட்டு.

"ஹாஜியார், இது ரெண்டாம் கட்டத்தில நிக்குது," என்றார் அப்பா.

"நிக்குதா? கரண்ட் வரட்டும், பாப்பம். இரிங்க."

இருந்தோம். பிளேன்ரீ வந்தது. எனக்கு ஒரு பிஸ்கற்றும். ஹாஜியாரும் அப்பாவும் நெல் விலை பேசினார்கள், பிறகு இடமாற்றம் கிடைத்துப்போன ஒரு அதிகாரியைப் பற்றிப் பேசினார்கள், பிறகு ஹாஜியாரின் காணி உறுதி ஒன்று கச்சேரியில் எந்த மேசையில் கிடக்கிறது என்று பேசினார்கள். கசெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கரண்ட் வந்ததும் ஹாஜியாரே விளையாட உட்கார்ந்தார். துவக்குக்காரர் இருவர் ஓடிச் சுடும் விளையாட்டு. வேட்டுச் சத்தம் கேட்டு வீதியால் போன ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தார். முதலாம் கட்டத்தைத் தாண்ட ஹாஜியாருக்கு வராது. செத்துச் செத்து எழும்பினார். "இது நல்லாத்தானே ஓடுது மனே," என்றார் என்னைப் பார்த்து. கடைசியில் நான் வாங்கி விளையாடி இரண்டாம் கட்டம் வரை கொண்டுபோய்க் காட்டினேன். நின்றது.

தீர்ப்பு உடனே வந்தது. "காசு திருப்பித் தந்தா எனக்கும் நட்டம், புள்ளைக்கும் வெறுங்கை. வேற ஒண்டு எடுங்க." எடுத்த கசெட் விலை கூட. மிச்சத்துக்கு அப்பா பொக்கற்றைத் தட்டினார். "மறுகா தாங்க," என்றார் ஹாஜியார். காணி உறுதி எந்த மேசையில் கிடந்தது என்று அப்பா திங்கட்கிழமை போய்ப் பார்த்தாரென்று நினைக்கிறேன்.

துண்டு கேட்கவில்லை, திகதி கேட்கவில்லை. எத்தனை மணித்தியாலம் விளையாடினாய் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் போன சைக்கிளிலேயே திரும்பியிருப்போம், ஏனென்றால் இரண்டு கிழமையாக அது ஓய்ந்ததே இல்லை. "நீங்க கச்சேரி ஐயாதானே?" என்ற ஒரு கேள்வியோடு சரிபார்ப்பு முடிந்தது. இந்த ஏற்பாட்டின் அழகை மெச்சுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கச்சேரியில் வேலை செய்யாத அப்பாமாருக்கும், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து மண்முனையில் துறை கடந்து வந்தவர்களுக்கும் பலகையில் எழுதியிருந்ததுதான் சட்டம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. சென்ரிகள் இளகின. ரவுணில் சீடிக் கடைகள் முளைத்தன. வைஸ் சிட்டி என்ற விளையாட்டின் பெயரை ஆங்கிலம் தெரியாத பெடியன்களும் பிழையில்லாமல் சொன்னார்கள். எல்லாம் களவுப் பிரதி. உறையில் இருக்கும் படம் ஒன்று, உள்ளே இருக்கும் விளையாட்டு வேறொன்று என்பதும் உண்டு. ஆனால் களவு வியாபாரத்துக்கும் ஒரு நேர்மை இருந்தது. "ஒரு கிழமைக்குள்ள கொண்டு வா. கீறல் இருந்தா மாத்த ஏலா." சீடியை ரியூப்லைற் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக் கீறல் தேடுவார் கடைக்காரர். பற்பசை பூசி மினுக்கிக் கொண்டுவந்தவனை மணத்திலேயே பிடித்துவிடுவார். அதே நாளில் அமெரிக்காவின் பெரும்பாலான கடைகளில் உறை கிழித்த விளையாட்டுக்குக் காசு திரும்பாது, அதே விளையாட்டின் இன்னொரு தட்டுத்தான் கிடைக்கும். அசலை விற்றவர்கள் தராத அவகாசத்தைக் களவுக் கடை தந்தது.

2003இல் இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கைப் பாராளுமன்றம் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்ரெம்பரில் அமெரிக்காவின் வால்வ் கம்பனி, பின்னால் இணையக் கடையாக வளர்ந்த ஸ்டீம் என்ற சேவையைத் தொடங்கியது. ஒன்றைப் பற்றி மற்றதற்குத் தெரியாது. எங்கள் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் செய்யலாம். அரிசிக்கும் பருப்பு விலைக்கும் வெதுப்பகத்துப் பாண் நிறைக்கும் அது வேலை செய்யும். வொஷிங்ரன் மாநிலத்தில் இருக்கிற கடைக்கு அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுக்க மட்டக்களப்பிலிருந்து பஸ் இல்லை.

ஸ்டீமும் முதல் பன்னிரண்டு வருடம் எங்கள் பலகையைத்தான் மாட்டியிருந்தது: வாங்கினால் வாங்கியதுதான். 2014இல் அவுஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு வழக்குப் போட்டது. நாங்கள் அவுஸ்திரேலியாவில் வியாபாரமே செய்யவில்லை என்று வால்வ் வாதாடிப் பார்த்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2015 ஜூன் மாதம், உலகம் முழுவதற்கும் புது விதி வந்தது: வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணித்தியாலத்துக்குள் என்றால், எந்தக் காரணம் சொன்னாலும் காசு திரும்பும். 2016 டிசெம்பரில் நீதிமன்றம் வால்வுக்கு 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. 2018இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ஆகவே மெல்பேர்னில் இருக்கிற எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குச் சட்டம் துணை. கல்லடியில் இருக்கிற பிள்ளைக்குக் கம்பனியின் பெரியமனசு துணை.

அந்தக் கல்லடிப் பிள்ளை என் தங்கச்சியின் மகன். தகப்பன் கட்டாரில். தகப்பனின் காட் இலக்கம் மகனுக்கு மனப்பாடம். போன வருடம் 60 ஜிபி அளவில் ஒரு விளையாட்டு வாங்கினான். இங்கே பல வீட்டு இணையப் பொதிகளில் பகல் டேட்டா குறைவு, நள்ளிரவுக்குப் பிறகு தாராளம். எனவே ஊர் உறங்கினபிறகு இறக்கத் தொடங்கி, விடியப் பள்ளிக்குப் போகும்வரை இறக்குவான். மூன்று இரவில் இறங்கி முடிந்தது. மடிக்கணினிக்கு அது மேல்மிஞ்சின சுமை. வீரன் ஒரு காலைத் தூக்கி மறுகாலை வைக்கும் இடைவெளியில் ஒரு தேத்தண்ணி ஆறிவிடும்.

"மாமா, கெதியா வாங்க! ரெண்டு மணித்தியாலம் முடியப் போகுது!"

"என்னடா, பரீட்சையா?"

"இல்ல மாமா, காசு திருப்பி எடுக்கணும்."

நான் போய் உட்கார்ந்தேன். ஏன் திருப்புகிறாய் என்று திரை கேட்டது, காரணங்களையும் அதுவே வரிசையாகத் தந்தது: என் கணினியில் ஓடவில்லை, தவறுதலாக வாங்கிவிட்டேன், விளையாடச் சுவாரசியமாக இல்லை. அந்தக் கடைசிக் காரணத்தில் என் கண் நின்றது. சுவாரசியமில்லை என்று சொன்னால் காசு தருகிற கடை! அன்றைக்கு ஹாஜியாரிடம் நான் அப்படிச் சொல்லியிருந்தால், "அப்ப பொயித்துப் படி மனே," என்று கசெட்டையும் வாங்கி உள்ளே வைத்திருப்பார்.

பெடியன் முதலாம் காரணத்தை அழுத்தினான். தேத்தண்ணி இல்லை, நெல் விலை இல்லை. யார் மகன் என்ற விசாரணையும் இல்லை. சம்மதம் என்று பதில் வந்தது. சில நாளில் கட்டாரிலிருந்து தகப்பனின் அழைப்பு: "ஆரோ என்ட காட்டுக்குக் காசு போட்டிருக்கான், பொலிஸில சொல்லணுமா?" காட்டிலிருந்து காசு வெளியேதான் போகும், உள்ளே வராது என்ற நம்பிக்கையில் வளர்ந்த தலைமுறை அது. திரும்பாமல் போனது மூன்று இரவின் டேட்டா மட்டும். அதற்குத் திருப்பும் பொத்தான் எந்தத் திரையிலும் இல்லை.

டொலரில் வாங்கி டொலரில் திருப்புவதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. 2022 மார்ச் முதல் கிழமையில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது. 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. இரண்டு கிழமைக்குள் விலை 50 ரூபாவுக்கு மேல் ஏறியது. அந்த மாதத் தொடக்கத்தில் ரூபாக் காட்டில் ஒரு விளையாட்டை வாங்கி, பிடிக்கவில்லை என்று பதினாலாம் நாள் திருப்பியவர், கொடுத்ததைவிடக் கூடுதல் ரூபாவைக் கையில் வாங்கியிருக்க முடியும். அந்த வருடம் இலங்கையில் நம்பிப் பணம் போட்டு ஆதாயம் காண வழியிருந்த முதலீடுகளில் அதுவும் ஒன்று.

எல்லாக் கடையும் ஒரே அளவில் தாராளம் இல்லை. போலந்துக்காரரின் ஜிஓஜி 30 நாள் தருகிறது, விளையாடியிருந்தாலும் சரி. பிளேஸ்ரேஷன் கடை 14 நாள் தரும், ஆனால் இறக்கத் தொடங்கினால் உரிமை போய்விடும். கடலை வாங்கலாம், வாயில் போடாதவரை திருப்பலாம் என்ற மாதிரி. அதிலும் ஒரு வேடிக்கை: பிளேஸ்ரேஷன் இணையச் சேவை கணக்குத் திறக்க அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. எங்கள் பெடியன்கள் இந்தியாவிலோ அமெரிக்காவிலோ இருப்பதாக முகவரி கொடுத்து விளையாடுகிறார்கள். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டைக் கணினியில் விளையாடவும் அந்தக் கணக்கு வேண்டுமென்று பிளேஸ்ரேஷனை நடத்தும் சோனி அறிவித்தது. அப்படிக் கணக்குத் திறக்க முடியாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் ஸ்டீம் அதன் விற்பனையை நிறுத்தியது. இரண்டு மணித்தியாலக் கணக்கையும் தாண்டி நூறு மணித்தியாலம் விளையாடியவர்கள்கூடக் காசைத் திரும்ப வாங்கினார்கள். சில நாளிலேயே சோனி அந்த அறிவித்தலைக் கைவிட்டது. ஹாஜியாரின் பிளேன்ரீ சாதித்ததை இங்கே உலகம் முழுக்க எழுந்த கூச்சல் சாதித்தது.

வாங்குகிறவன் எப்போதும் உத்தமன் என்றும் இல்லை. பற்பசை பூசினவனின் தம்பிமார் இணையத்திலும் இருக்கிறார்கள். எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாக விளையாட்டுச் செய்த ஒருவர் 2021இல் 'சமர் ஒஃப் 58' என்ற பேய் விளையாட்டை வெளியிட்டார். முழுதாக விளையாடி முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆகாது. பலர் முடித்தார்கள், பாராட்டி எழுதினார்கள், காசையும் திருப்பி எடுத்தார்கள். அந்த ஆள் தொழிலையே விட்டு ஒதுங்குவதாக அறிவித்தார்.

இவையெல்லாம் பெரிய கடைகளின் கதை. எங்கள் ஊரில் கூடுதலாகக் காசு போகும் வழி வேறு. ஃப்ரீ ஃபயர் விளையாட்டுக்குள் செலவழிக்கும் 'டயமண்ட்' ஏற்றித் தருவதாக வட்ஸ்அப்பில் ஒருவன். அவனுக்குக் காசு அனுப்பினால் பெரும்பாலும் டயமண்ட் வரும், வராவிட்டால் இலக்கம் மறுநாள் வேலை செய்யாது. அவனுக்குக் கடையும் இல்லை, பலகையும் இல்லை, விதியும் இல்லை. இன்னொரு வழி அம்மாவின் போன். காட் இலக்கத்தையோ ரீலோட் மீதியையோ ஒருமுறை போனில் சேமித்துவிட்டால், பிறகு பிள்ளையின் ஒரு விரல் போதும். இது எங்கள் பிள்ளைகளின் குணக்கேடு என்று யாரும் தலையில் அடிக்க வேண்டாம். பிள்ளைகள் பெற்றோரின் அனுமதியில்லாமல் விளையாட்டுக்குள் வாங்கியவற்றுக்காக 2014இல் அப்பிள் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டொலரையும், கூகிள் குறைந்தது 1 கோடியே 90 இலட்சம் டொலரையும் திருப்பிக் கொடுக்க அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு உடன்பட்டன. ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கம்பனி 2022இல் 24 கோடியே 50 இலட்சம் டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. தெரியாமல் அழுத்த வைக்கும்படி பொத்தான்களை அமைத்தார்கள் என்பது அதன்மேல் இருந்த குற்றச்சாட்டு. அந்தக் காசு அமெரிக்கப் பெற்றோருக்கு. ஏறாவூரிலும் களுவாஞ்சிகுடியிலும் அதே பொத்தானை அழுத்திய பிள்ளைகளின் அம்மாமாருக்கு ஒரு சதமும் இல்லை.

கடைசியாக ஒன்று. அன்றைய கசெட் உறைந்து நின்றாலும் எங்களுடையது. இன்று வாங்குவது விளையாடுவதற்கான அனுமதி மட்டும். யூபிசொஃப்ட் 2014இல் விற்ற 'த க்ரூ' என்ற காரோட்ட விளையாட்டை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தட்டைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தவனுக்கும் ஓடவில்லை. அதே ஆண்டு சோனி 'கொன்கோட்' விளையாட்டை வெளியிட்டு இரண்டு கிழமையில் மூடியது, ஆனால் வாங்கிய எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தது. எது நடக்கும் என்பது வாங்குபவன் கையில் இல்லை. விற்பது அனுமதிதான், உடைமையல்ல என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. இலங்கையில் அப்படியொரு வரி இன்னும் எழுதப்பட வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த யாராவது உட்காரும்போது, பாணோடு இதையும் சேர்த்துக்கொண்டால் புண்ணியம்.

அதுவரை பெற்றோருக்குச் சொல்ல இருப்பது சின்ன விசயங்கள். கூகிள் பிளேயில் வாங்கியது வேண்டாமென்றால் 48 மணித்தியாலத்துக்குள் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத யாரோ உங்கள் காட்டில் வாங்கியிருந்தால் 120 நாள் வரை முறையிடலாம். ஸ்டீமில் 14 நாளையும் 2 மணித்தியாலத்தையும் மறக்க வேண்டாம். கடையிடம் கேட்காமல் நேரே வங்கியிடம் போய்க் கொடுப்பனவை மறுத்தால், பிள்ளையின் கணக்கைக் கடை பூட்டிவிடக்கூடும். எனவே முதலில் கடையிடம் கேளுங்கள். வந்த மின்னஞ்சல் பில்லை அழிக்காதீர்கள், இங்கே யார் மகன் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. வட்ஸ்அப்காரனிடம் டயமண்ட் வாங்கவே வேண்டாம். வாங்கும் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும்படி உங்கள் போனை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்தக் கடவுச்சொல் பிள்ளையின் பிறந்த திகதியாக இருக்க வேண்டாம்.